பிரேக் மிதித்தால் படுத்துக்கொள்ளும் வைப்பர்

எங்களுக்குக் கல்யாணமான இரண்டாவது வருஷம் வீட்டுக்கு ஒரு கறுப்புக் கார் வந்தது. வரும்போதே அதற்கு வயதாகியிருந்தது. மூன்று பேர் கையில் ஓடி, நான்காவதாக என் கணவர் கைக்கு வந்த வண்டி. எழுபதுகளின் கடைசி அது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாடகைக்கு நிற்கும் நாலைந்து கார்களில் எங்களுடையதும் ஒன்றானது.

நான் அப்போது ஊரில் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். அவர் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்திவிட்டு, அதுவரை அடுத்தவர்கள் காரை ஓட்டிக்கொண்டிருந்தவர். "டீச்சருக்கு டிரைவரா?" என்று கல்யாணப் பந்தலிலேயே யாரோ சொன்னது இரண்டு பேர் காதிலும் விழுந்திருந்தது. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் பேசாமலே ஓர் ஒப்பந்தம் உண்டாகியிருந்தது. பள்ளிக்கூட விஷயம் என்னுடையது, கார் விஷயம் அவருடையது. வெள்ளிக்கிழமை காருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கலாம், பூ வைக்கலாம். "முன்னாடி இன்னா அது, கடகடன்னு சத்தம்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "கேள்வியெல்லாம் ஸ்கூல்ல பசங்ககிட்ட கேளு" என்று பதில் வரும். கோபமாக அல்ல, சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனாலும் அதற்கு மேல் நான் கேட்பதில்லை.

அந்த ஐப்பசியில் வைப்பர் தகராறு ஆரம்பித்தது.

மழை பெய்யும் நாட்களில் அவர் வீட்டுக்கு வரும்போது சட்டையின் வலது பாதி மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். இடது பாதி காய்ந்திருக்கும். தலைமுடியும் அப்படித்தான். வைப்பர் நின்றுவிடுவதால் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிப் பாதையைப் பார்த்தபடி ஓட்டி வந்திருப்பார். துண்டை நீட்டினால் ஒரு காதை மட்டும் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பார். எனக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வேன்.

காஞ்சிபுரம் ரோட்டில் ஒரு சைக்கிள் கடையை ஒட்டி வயரிங் வேலை செய்யும் மேஸ்திரி ஒருவர் இருந்தார். கார், லாரி, வயலில் ஓடும் பம்பு செட் மோட்டார் எல்லாம் அவர் கைக்குத்தான் போகும். இரண்டு ஒயர் கோத்த சின்ன பல்பு ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். ஒரு ஒயரை வண்டியின் இரும்பில் வைத்து, மறு ஒயரால் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, பல்பு எரிகிறதா என்று பார்ப்பார். நல்ல மனுஷர், வேலை தெரிந்தவர். அவர் முதலில் சுவிட்ச் போய்விட்டது என்றார். மாற்றினார். கண்ணாடி மேல் சொம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றி வைப்பரைப் போட்டார். சரக் சரக்கென்று நன்றாக ஓடியது.

மறுநாள் மழையில் திருப்புலிவனம் வளைவில் அது நின்றுபோனது.

இரண்டாவது தடவை, மோட்டாருக்குள் கார்பன் தேய்ந்துவிட்டது என்று மாற்றினார். மறுபடி சொம்புத் தண்ணீர், மறுபடி நல்ல ஓட்டம். மூன்றாம் நாள் பெருநகர் போகும் வழியில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தபோது வைப்பர் படுத்துக்கொண்டது. மூன்றாவது தடவை எர்த் ஒயரைப் பிரித்துச் சுரண்டிப் போட்டார்.

அன்றைக்கு நான் பள்ளி விட்டு வரும் வழியில் கடை வாசலில் எங்கள் காரைப் பார்த்து நின்றேன்.

"பாரு நைனா, எப்டி ஓடுதுன்னு" என்றார் மேஸ்திரி.

"இங்க ஓடுது மேஸ்திரி. உங்களக் கண்டா பயம் அதுக்கு. ரோட்டுக்குப் போனா படுத்துக்குது" என்றார் இவர்.

"இன்னா பேஜாரா கீது" என்று மேஸ்திரி கழுத்துப் பல்பைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை நாஷ்டா சாப்பிடும்போது நான் வாயை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "மழைல மட்டுந்தான் நிக்குதா?"

"வைப்பர மழைலதானே போடுவாங்க? வெயில்ல போட்டுக்கினு போனா பைத்தியம்னு சிரிக்க மாட்டானுங்க?"

நியாயமான பதில்தான். ஆனால் எனக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டது. என் பாடக் குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில், அவர் போகிற போக்கில் புலம்புவதை வைத்து, வைப்பர் நின்ற இடங்களையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். திருப்புலிவனம் வளைவு. பெருநகர் ஆட்டு மந்தை. சந்தை முனை. வாலாஜாபாத்தில் நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் நின்ற ரைஸ் மில் வாசல். ஓய்வு வகுப்பில் அதை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். எத்தனை மைல் ஓடிய பிறகு நிற்கிறது என்று யோசித்தேன். சூட்டினாலா, ஈரத்தினாலா என்று யோசித்தேன். ஈரம்தான் என்று முடிவுக்கும் வந்தேன். அது தப்பு. அந்தப் பட்டியலே விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் பள்ளித் தையல் டீச்சருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெருநகர்ப் பெண். மாப்பிள்ளை அரக்கோணத்தில் வேலை பார்ப்பவர். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ரயிலில் வாலாஜாபாத் வந்து இறங்குவதாக ஏற்பாடு. மற்றவர்களுக்கு வேன் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கும் அவர் அம்மாவுக்கும் எங்கள் கார். "உங்க வூட்டுக் காரு இருக்க சொல்ல நாங்க எதுக்கு வெளில கேக்கணும்?" என்று தையல் டீச்சரின் அப்பா சொன்னது இவருக்கு ரொம்பப் பெருமையாகப் போயிற்று. மாப்பிள்ளையின் அம்மாவை வரவேற்று அழைத்துவர ஒரு பெண் வேண்டுமே என்று நானும் கூடப் போனேன்.

காலையில் பளிச்சென்று வெயில். காரைக் கழுவித் துடைத்து, முன்னால் சாமந்தி மாலை கட்டினார். மேஸ்திரி இன்னொரு தடவை சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, "தைரியமா போய்ட்டு வா" என்றார்.

ரயில் வந்து, மாப்பிள்ளை இறங்கி, பெட்டிகளைக் காரின் மேல் கேரியரில் சணல் கயிற்றால் கட்டி முடிக்கும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை கோட்டு சூட்டு போட்டிருந்தார். முன் சீட்டில் அவர். பின்னால் அவர் அம்மாவும் நானும். அந்த அம்மாள் தாம்பூலக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி கிளம்பிய உடனே ஊர், உறவு, எங்களுக்கு ஏன் இன்னும் குழந்தை இல்லை என்பது வரை விசாரித்து முடித்துவிட்டாள்.

பாலாற்றைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

இவர் வைப்பரைப் போட்டார். ஓடியது. நான் மனசுக்குள் மேஸ்திரிக்கு நன்றி சொன்னேன். ஒரு மைல் போனதும் எதிரே ஒரு மாட்டு வண்டி. இவர் வேகத்தைக் குறைத்தார். வைப்பர் பாதிக் கண்ணாடியில் திணறி, மெதுவாகி, பிறகு சமாளித்துக்கொண்டு மறுபடி ஓடியது. அடுத்து ஒரு நாய். மறுபடி திணறல். மூன்றாவதாக ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்று கிளம்பியபோது அது ஓடவே இல்லை. கண்ணாடி முழுக்கத் தண்ணீர்த் திரை.

"இன்னாப்பா ஆச்சி?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"ஒண்ணியும் இல்லம்மா. வைப்பர் கொஞ்சம் அப்டித்தான்."

வழக்கம்போலத் தலையை வெளியே நீட்ட முடியாது. அன்றைக்கு அவரும் புதுச்சட்டை. அதைவிட, மாப்பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு அப்படி ஓட்டிப்போய்க் கல்யாண வீட்டு வாசலில் நிற்க முடியுமா? வண்டியை ஓரம் கட்டினார். மழையில் இறங்கி, பெட்டி கட்டியிருந்த சணல் கயிற்றில் மிச்சமிருந்ததை அறுத்து, தன் பக்க வைப்பர் கையைக் கொஞ்சம் தளர்த்தி அதில் இரண்டு கயிறு கட்டினார். ஒன்றைத் தன் ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துக்கொண்டார். இன்னொன்றை மாப்பிள்ளையின் ஜன்னல் வழியாக நீட்டினார்.

"கோச்சிக்காதீங்க. நான் இழுத்து வுட்டதும் நீங்க இழுக்கணும். நீங்க வுட்டதும் நான் இழுப்பேன்."

மாப்பிள்ளை ஒரு நிமிஷம் கயிற்றைப் பார்த்தார். பிறகு கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "சரி, போலாம்" என்றார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கார் நகர்ந்தது. இவர் வலது கையால் இழுப்பார். மாப்பிள்ளை இடது பக்கம் இழுப்பார். கொஞ்ச தூரம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வைப்பர் நடுவில் நின்று நடுங்கியது. பிறகு அந்த அம்மாளே தாளம் சொல்ல ஆரம்பித்தாள்.

"இளு... வுடு... இளு... வுடு... டேய், இன்னும் கொஞ்சம் பலமா இளுடா! நாளைக்கி தாலி கட்டற கை இது, கயிறு இளுத்துக்கினு கீது!"

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினேன். இவர் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் என்னை ஒருதரம் முறைத்தார்.

இரண்டு மைல் அப்படியே போனோம். அப்புறம் மாப்பிள்ளை உற்சாகத்தில் ஓங்கி இழுக்க, கயிறு பட்டென்று அறுந்து அவர் கையோடு வந்துவிட்டது. சாலையோரம் புளியமரங்கள் இருந்த இடமாகப் பார்த்து இவர் வண்டியை நிறுத்தினார். அங்கே கொஞ்சம் சரிவு. ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான். அதனால் பிரேக்கின் மேல் காலை அழுத்தி வைத்துக்கொண்டு, இன்ஜினையும் அணைக்காமல், இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் வெறித்துப் பார்த்தார். காது சிவந்திருந்தது. சிரித்ததற்கு எனக்கு வருத்தமாகிவிட்டது.

 பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் நான் முன் சீட்டுகளுக்கு நடுவே எட்டி டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் பெட்ரோல் காட்டும் சின்ன வட்டம். அதன் முள் அடிமட்டத்துக்குச் சரிந்து கிடந்தது.

"பெட்ரோலும் தீந்துடுச்சாங்க?" என்றேன் பயந்துபோய்.

"காலைலதான் போட்டேன். அது அப்டித்தான். வண்டி ஆடறப்ப உள்ள பெட்ரோல் ஆடும். முள்ளும் ஆடும்."

"இப்ப வண்டி நிக்குதே."

அவர் அந்த வட்டத்தை விரலால் ஒருதரம் தட்டிவிட்டு மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி நிக்குது. பெட்ரோல் ஆடாது. அப்புறம் முள்ளு ஏன் கீழ கீது?"

"இது கிளாஸ் இல்ல, டீச்சர்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

வேறு நாளாக இருந்தால் அதோடு நின்றிருப்பேன். ஆனால் அந்த முள்ளை என்னால் விட முடியவில்லை. "உங்க கால ஒரே ஒருவாட்டி எடுங்க" என்றேன்.

எதற்கு என்று கேட்காமல், எரிச்சலில்தான், காலை எடுத்தார். கார் சரிவில் அரை அடி முன்னால் உருண்டது. முள் மெல்ல எழுந்து நின்றது. அதே நேரம், கயிறு கட்டாத இடது வைப்பர் ஒரு சாண் நகர்ந்து நின்றது. அந்த அம்மாள் "ஐயோ!" என்று கூடையைப் பிடித்துக்கொண்டாள். இவர் சட்டென்று மறுபடி பிரேக்கை அழுத்தினார். முள் படுத்துக்கொண்டது.

இப்போது அவர் முகம் மாறியது. தானே காலை எடுத்தார், அழுத்தினார். எடுத்தார், அழுத்தினார். முள் எழுந்து எழுந்து படுத்தது.

திருப்புலிவனம் வளைவு, ஆட்டு மந்தை, சந்தை முனை, ரைஸ் மில் வாசல். எல்லாமே பிரேக் மிதிக்கிற இடங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வாரமாக எழுதி வைத்துக்கொண்டு ஈரம், சூடு என்று அலைந்திருக்கிறேன்!

"ஹாரன் அடிங்க" என்றேன்.

அடித்தார். புளியமரத்துக் காக்கைகள் பறந்தன. பிரேக்கை மிதித்தபடியே மறுபடி அடித்தார். அதே சத்தம், குறையவில்லை. முன் விளக்கைப் போடச் சொன்னேன். அதுவும் நன்றாகத்தான் எரிந்தது.

"அப்ப பேட்டரி நல்லா கீது. வைப்பருக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே ஒயர்ல போவுதா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "வைப்பர், பிரேக் லைட்டு, திரும்பறப்ப கை காட்டற லைட்டு, பெட்ரோல் முள்ளு. நாலும் ரெண்டாவது பியூஸ்லதான் போவுது. ஹாரன் முதல் பியூஸ்."

"அப்ப அந்த ரெண்டாவது பியூஸ்கிட்டதான்..."

நான் முடிக்கவில்லை. அவர் முடித்தார். "மடைல மண்ணு அடச்சிக்கினு கீது! மேல் கயனில தொறந்தா கீய் கயனிக்குத் தண்ணி இல்ல. பிரேக் லைட்டு மொத்தத்தையும் குடிச்சிடுது, வைப்பருக்கு ஒண்ணியும் மிஞ்சல!"

மின்தடை என்ற பாடத்தை நான் நான்கு வருஷமாக நடத்திக்கொண்டிருந்தேன். இவ்வளவு சுருக்கமாக ஒருநாளும் சொன்னதில்லை.

மாப்பிள்ளை இறங்கிச் சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்தார். இன்ஜினை அணைத்து பானெட்டைத் தூக்கினார்கள். நான் குடை பிடித்தேன். பியூஸ் பெட்டி எங்கே இருக்கும், எந்த ஒயர் எங்கே போகும் என்றெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் கை நேராக அங்கே போனது. மூடியைக் கழற்றினார். முதல் பியூஸ் பளபளப்பாக இருந்தது. இரண்டாவதைப் பிடித்திருந்த பித்தளைப் பிடிப்பில் பச்சையாக, பாசி மாதிரி களிம்பு ஏறியிருந்தது. பியூஸ் உடைந்திருக்கவில்லை. தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருந்தது. வழியெல்லாம் குலுங்கியதில் அன்றைக்கு அந்தத் தொடுதலும் குறைந்துபோயிருக்க வேண்டும். அதனால்தான் மேஸ்திரியின் பல்பு எல்லா இடத்திலும் எரிந்திருக்கிறது. பல்புக்கு அந்தக் கொஞ்சம் போதும். கடையில் வைப்பருக்கும் போதும், யாரும் பிரேக்கை மிதிக்காத வரை.

"தேய்க்கணும். உப்புக் காயிதம் இல்லியே" என்று இவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "தீப்பெட்டி இருந்தாகூடப் போதும். பட்டைல தேய்ச்சிடலாம்."

அவர் பீடி சிகரெட் தொடாதவர். என்னிடம் எங்கே இருக்கும்? மாப்பிள்ளை ஒரு கணம் தயங்கினார். பின் சீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கோட்டின் உள் பையில் கைவிட்டு ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினார்.

ஜன்னல் வழியாக அந்த அம்மாளின் குரல் வந்தது. "ஏண்டா, உங்கிட்ட ஏதுடா தீப்பெட்டி?"

"கற்பூரம் கொளுத்தம்மா."

"கோட்டுலயா கற்பூரம் கொளுத்துவே?"

மாப்பிள்ளை பானெட்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். இவர் தீப்பெட்டியின் உரசும் பட்டையைக் கிழித்துச் சின்ன விரலில் சுற்றி, பிடிப்பின் உள்பக்கமும் பியூஸின் இரண்டு முனையும் மஞ்சளாக மின்னும்வரை தேய்த்தார். பிடிப்பை விரலால் நெருக்கி இறுக்கி, பியூஸை அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. வைப்பர் கையைப் பழையபடி இறுக்கினார். உள்ளே போய் வண்டியைக் கிளப்பி வைப்பரைப் போட்டார்.

ஓடியது. பிரேக்கை மிதித்தார். ஓடியது. கை காட்டும் விளக்கையும் போட்டார். அப்போதும் ஓடியது. முள் மேலேயே நின்றது.

"அப்பாடா" என்றேன். அவர் தன் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். குடையை பானெட் பக்கமே பிடித்திருந்ததில் என் ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மிச்ச தூரம் முழுக்க மாப்பிள்ளையின் அம்மா தீப்பெட்டியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். கல்யாண வீட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளையின் கோட்டுக் கையில் கிரீஸ் கறை. யாராவது கேட்டால், "வர்ற வழில கார் ரிப்பேர் பண்ணேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து பந்தி. மேஸ்திரியும் வந்திருந்தார். நான் பந்தியில் சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்தேன். இவர் மேஸ்திரிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தது என் பக்கம் முதுகு காட்டித்தான்.

"யாரு கண்டுபுட்ச்சது? நீயா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"எங்க வூட்டு டீச்சர். முள்ளப் பாத்தே சொல்லிடுச்சி. நானா இருந்தா இன்னும் கயிறு இளுத்துக்கினு இருப்பேன்" என்றார் இவர், நாலு இலைக்குக் கேட்கும்படியாக.

மேஸ்திரி சோற்றைப் பிசைந்த கையை அப்படியே நிறுத்தினார். "ஒரு தபாகூட பிரேக்க மிதின்னு நான் சொல்லலியே" என்று தலையில் அடித்துக்கொள்ளப் போனவர், கையில் சாம்பார் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் அந்த வரிசைக்குப் பரிமாறாமலே திரும்பிப்போய் வேறு பக்கமாக வந்தேன். கண் கலங்கியிருந்தது. எதற்கென்று கேட்டால் சாம்பார்க் காரம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இதில் ஒரு சங்கடமும் வந்தது. டீச்சர் கார் ரிப்பேர் பார்க்கும் என்று ஊரில் பரவிவிட்டது. ரேடியோ பாடவில்லை என்று ஒருவர், கிணற்று மோட்டார் புகைகிறது என்று ஒருவர். எனக்குத் தெரியாது என்றால் நம்பவில்லை. எல்லாரையும் மேஸ்திரியிடம் அனுப்பினேன். அவர் என்னைப் பார்த்தால், "இன்னா டீச்சர், புது பார்ட்டி அனுப்பினியா?" என்பார்.

அடுத்த கோடையில் ஒருநாள் இடைவேளை மணி அடித்ததும் பள்ளி வாசலில் எங்கள் கார் நின்றது. இவர் இறங்கி வந்தார். "லெப்ட்ல திருப்பினா ஹாரன் தானா அடிக்குது. ரைட்ல திருப்பினா நிக்குது. உனக்கு இன்னா தோணுது?"

அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி நான்கு தடவை ஓட்டச் சொன்னேன். ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது. வகுப்பு ஜன்னல்களில் எல்லாம் பெண்கள். நான் ரொம்ப யோசித்து, முதல் பியூஸ் பிடிப்பில்தான் கோளாறு என்று உறுதியாகச் சொன்னேன். தேய்த்தோம். இறுக்கினோம். ஹாரன் முன்னைவிடப் பலமாக அலறியது.

கடைசியில் மேஸ்திரியிடம்தான் போனோம். அவர் பல்பைக் கழற்றக்கூட இல்லை. ஸ்டீயரிங் கம்பத்தை ஒட்டி வரும் ஹாரன் ஒயரின் மேலுறை தேய்ந்து, இடது பக்கம் திருப்பும்போது இரும்பில் படுவதை விரலாலேயே காட்டினார். இரண்டு சுற்று டேப் ஒட்டினார். முடிந்தது.

"டீச்சர் இன்னா சொல்லிச்சி?" என்று இவரிடம் கேட்டார்.

"பியூஸ்னு சொல்லிச்சி" என்றார் இவர்.

இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதற்குள் இடைவேளை முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவர் என்னைக் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டார். தலைமை ஆசிரியை வராந்தாவில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.